நான்காவது பொத்தான்

போன வாரம் நீங்கள் மூவரும் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். லுக்குட்டில் நான் இருபத்திரண்டு வருடம் நடத்திய பழைய எலக்ட்ரானிக் சாமான் கடையை இப்போது நீங்கள் நடத்துகிறீர்கள். மரியாதைக்கு ஒரு கிலோ ரம்புத்தான் வாங்கி வந்து, பேசிக்கொண்டே அதை நீங்களே தின்று தீர்த்துவிட்டு, "அங்கிள், பழைய சிப்ப எப்படி அடையாளம் பாக்கறதுன்னு எழுதிக் குடுங்கலா" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி சரி என்று தலையாட்டினேன்.

அடையாளம் பார்ப்பது பற்றி எழுத அதிகம் ஒன்றுமில்லை. முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்து விற்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், பூச்சு கரைந்து வந்தால் போலி. கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருக்கிறதா, அடிப்பக்கம் மேல்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் வேண்டுமானால் கைப்பேசியில் தேடுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஆறு வருடமாக வெளியில் யாரிடமும் சொல்லாததால் அது கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

இதை உங்கள் வீட்டில் யாராவது படித்தால் அவர்களுக்காக நான்கு வரி. ஒரு சிறிய கணினி முழுவதையும் ஒரே சிப்புக்குள் அடக்கிவிட்டால் அதுதான் நாம் தேடுகிற சாமான். அதில் பழைய ரகம் ஒன்று உண்டு. மங்கிய சாம்பல் நிறப் பீங்கான் உடம்பு, தங்கம் பூசிய நாற்பது கால்கள், நடு முதுகில் சின்ன வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா விளக்கின் ஒளியை இருபது நிமிடம் காட்டினால், உள்ளே எழுதி வைத்தது அத்தனையும் அழிந்து, சிப் புதிதாக எழுதுவதற்குத் தயாராகிவிடும். எழுதியதைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் ஜன்னலின் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டி வைப்பார்கள்.

தோட்டங்கள் எல்லாம் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய வருடங்களில், ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கணக்கெழுதும் கிராணி ஆபீஸ் எடை இயந்திரங்களும் லோரி லோரியாகப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. லாபுவிலிருந்தும் லிங்கியிலிருந்தும் வந்ததை நான் போய்க் கிளறி, போர்டுகளைப் பொறுக்கி, ஜன்னல் வைத்த சிப்புகளைக் கழற்றி எடுப்பேன். பழைய இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு அது அவசரத்துக்குக் கிடைக்கிற மருந்து மாதிரி. புதிதாக யாரும் அதைச் செய்வதில்லை.

கடை ஆரம்பித்த புதிதில், ஈப்போவில் லிப்ட் பழுது பார்க்கும் ஒரு சீனத் தவுக்கேவுக்கு, அதாவது முதலாளிக்கு, ஆறு சிப்புகள் அனுப்பினேன். அதில் இரண்டை அழிக்க மறந்துவிட்டேன். அவர் புதிதாக எழுத எழுத உள்ளே ஏறவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நிற்கிறது, கிழவிகள் படியேறுகிறார்கள் என்று போனில் என்னை வறுத்தெடுத்துவிட்டார். மலாய், கந்தோனீஸ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே மார்க்கர் பேனாவால் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: டேப் இருந்தால் தொடாதே, டேப் இல்லாவிட்டால் விளக்குக்குப் போகட்டும். நல்ல சட்டம் என்றுதான் நினைத்தேன். பதினாறு வருடம் அது ஒழுங்காகவும் நடந்தது. நீங்கள் அந்த அட்டையை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் பழைய இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. நான்கு காலி சிப்புகள் வேண்டும், மத்தியானம் மூன்று மணிக்கு மோட்டாரில் ஆள் வருவான் என்று காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வந்துகொண்டிருந்தது. என்னிடம் சரியாக நான்கு சிப்புகள்தான் இருந்தன. ஒன்று பழுதானாலும் கணக்கு உதைக்கும். அந்தப் பதற்றத்தில் நான் நிற்கும்போது கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். நீலாயில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சீருடை, கையில் சந்தைக்குக் கொண்டுபோகிற ஒரு பாசார் பை. பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு மரப்பெட்டி.

"அங்கிள், இது ரோசாக் ஆயிருச்சி, சத்தமே வரல. மூனு கடையில காட்டிட்டேன், யாருக்கும் தெரியல. பழைய சிப்புன்னா உங்ககிட்டதான் போவணும்னு சொன்னாங்க."

"என்னம்மா இது, ரேடியோவா?"

"இல்ல அங்கிள். எங்கப்பா செஞ்சது. அம்மாவுக்கு."

அவள் பெயர் ரெஜினா. அப்பா லாபுவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்தவர். இருபது வருடத்துக்கு முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. ஆலையில் தூக்கிப்போட்ட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து சிப்பை எடுத்து, எங்கெங்கோ கேட்டுப் படித்து, அப்பா அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார். அம்மாவின் இடது கைக்கு எட்டும்படி பெரிய பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் ஒரு சத்தம் வரும், தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். இரண்டாவது கழிவறைக்கு. மூன்றாவது வலிக்கு. வீட்டில் யார் எந்த மூலையில் இருந்தாலும் சத்தத்தை வைத்தே ஓடி வருவார்கள். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெட்டி இப்போது நான்கு நாளாகப் பேசவில்லை.

"கை தட்டிக் கூப்புடக்கூட அம்மாவுக்கு இன்னொரு கை இல்ல அங்கிள். நான் வேலைக்குப் போனா பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்குத்தான் இந்தச் சத்தம் கேக்கணும். எப்படியாவது பாத்துக் குடுங்க."

சாயங்காலம் வரச் சொன்னேன். அவள் போனதும் பெட்டியைத் திறந்தேன். திறந்தவுடன் எனக்கு வேலை மறந்துவிட்டது. ஆலையில் வயரிழுக்கிற ஒரு மனுஷன் செய்த வேலை என்று நம்ப முடியவில்லை. ஒவ்வொரு கம்பியும் நூல் பிடித்த மாதிரி ஓடியது. நடுவில் அந்தச் சிப், தங்கக் கால்களோடு, ஜன்னலின் மேல் கறுப்பு டேப்போடு உட்கார்ந்திருந்தது.

இனிமேல் நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். பழைய சிப் கையில் கிடைத்தால் ஜன்னல் வழியாக உள்ளே பார்ப்பது எனக்குப் பழக்கம். கோடுகளின் அமைப்பைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொள்வேன், உங்களிடமும் பீற்றியிருக்கிறேன். அந்த ஆசையில் சிப்பைக் கழற்றி, டேப்பை உரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அசல் சாமான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சிரம்பான்காரர். மூன்று மணிக்குப் பதில் இரண்டரைக்கே ஆள் வருகிறான் என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்ததை, சிரம்பானுக்கான நான்கும் இருந்த ட்ரேயில் வைத்துவிட்டு, ட்ரேயைத் தூக்கி விளக்குக்குக் கீழே தள்ளி, மூடியைச் சாத்தினேன். டேப் இல்லாவிட்டால் விளக்குக்கு. என் கை என் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தது.

இருபது நிமிடம் கழித்து மணி அடித்தது. வெளியே எடுத்தபோது ஐந்து சிப்புகள் இருந்தன. நான்குதான் வைத்தேன் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். திரும்பி மரப்பெட்டியைப் பார்த்தேன். நடுவில் வெறும் குழி.

ஐந்தையும் ஒவ்வொன்றாகப் படிக்கிற கருவியில் வைத்துப் பார்த்தேன். ஐந்தும் காலி. நம் தொழிலில் கருவி 'காலி' என்று காட்டினால் சந்தோஷம். அன்றைக்கு நான் ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். சிரம்பானிலிருந்து வந்த ஆள் நான்கை வாங்கிக்கொண்டு, "தெரிமா காசே, அங்கிள்" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு பெட்டியில் உண்மையில் என்ன கோளாறு என்று பார்த்தேன். மின்சாரம் வருகிற பக்கத்தில் ஒரு கப்பாசிட்டர் காய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான். எந்தக் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கிற சாமான். சிப்புக்கு ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. நான் அதைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால், ரெஜினா வரும்போது பெட்டி பேசியிருக்கும்.

சாயங்காலம் அவள் வந்தாள். அவள் மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டதிலிருந்து உள்ளே வருகிற வரைக்கும் ஒரு அரை நிமிடம் இருக்கும். என்ன சொல்வது என்று அந்த அரை நிமிடத்தில் முடிவு செய்தேன்.

"சிப்பு போயிருச்சிம்மா. பழசு இல்லையா, வயசாச்சின்னா உள்ள இருக்கறது தானா அழிஞ்சிரும்."

இது முழுப் பொய்யும் இல்லை. அப்படியும் நடப்பது உண்டு. அதனால்தான் அது வாயில் அத்தனை சுலபமாக வந்தது. அவள் நம்பினாள். என்னைக் குறை சொல்ல ஒரு வார்த்தைகூட அவளிடம் இல்லை.

"இன்னொரு சிப்புல அதே சத்தத்தப் போட முடியுமா அங்கிள்?"

"முடியும்மா. எந்த பட்டனுக்கு என்ன சத்தம்னு நீ சொல்லு, நான் எழுதிர்றேன். காசு வேணாம்."

அவள் சொன்னாள். தண்ணீருக்கு இரண்டு குட்டைச் சத்தம். கழிவறைக்கு மூன்று. வலிக்கு நிற்காமல் ஒரே நீளமாக. எழுதிக்கொண்டேன். பெட்டியில் நான்கு பொத்தான்கள் இருந்தன. இந்த மூன்றிலும் அப்பா கையால் படம் வரைந்து ஒட்டியிருந்தார். ஓரத்தில் சின்னதாக ஒன்று, அதில் எதுவும் ஒட்டவில்லை.

"இது எதுக்கும்மா?"

ரெஜினா அந்தப் பொத்தானை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்.

"அது அப்பாவுக்கு மட்டும் அங்கிள். அம்மா அதை அமுக்குனா கொஞ்சம் நீளமா ஓடும், பாட்டுன்னும் சொல்ல முடியாது. அப்பா எங்க இருந்தாலும் சிரிச்சிகிட்டே வந்து அம்மா பக்கத்துல உக்காந்துருவாரு. என்னப்பா அர்த்தம்னு கேட்டா, 'உங்கம்மா என்ன திட்டுறா'ன்னு சொல்வாரு. அவ்ளோதான். அப்பா செத்த பொறவும் அம்மா டெய்லி அஞ்சு மணிக்கு அமுக்கும். அப்பா ஆலையில இருந்து வர்ற நேரம். ஒரு தடவ அமுக்கிட்டு, அது முடியற வரைக்கும் கண்ண மூடிகிட்டு கேக்கும்."

"அது எப்படி இருக்கும்னு பாடிக் காட்டும்மா."

அவள் பாடிப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி, இல்லை என்று மறுபடி ஆரம்பித்தாள். மூன்று முறை மூன்று விதமாக வந்தது. இருபது வருடம் சமையலறையிலிருந்து கேட்ட சத்தம்தான். கேட்டால் இதுதான் என்று உடனே சொல்லிவிடுவாள், வாயில்தான் வரவில்லை. கைப்பேசியில் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. தினமும் கேட்கிற சத்தத்தை யார் பதிவு செய்வார்கள்? அப்பாவின் நோட்டுகள் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்தபோது போய்விட்டன. அது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அந்த இடத்தை நான் விளக்கில் காட்டிவிட்டேன்.

மறுநாளே கப்பாசிட்டரை மாற்றி, மூன்று சத்தங்களையும் எழுதி, நான்காவதற்கு ரெஜினா பாடியதில் ஒன்றைப் போட்டு, லாபுவில் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். புது வீடமைப்புத் தாமானில் கடைசி வரிசை வீடு, பின்னால் இன்னும் செம்பனை நின்றது. ரெஜினாவின் அம்மா மேரி அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விருந்தாளி வருகிறான் என்று தலை சீவிப் பவுடர் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டியைக் கட்டிலின் பக்கத்தில் வைத்தேன். முதல் பொத்தானை அமுக்கினார், சத்தம் வந்தது, முகம் மலர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. பக்கத்து வீட்டு மாக்சி தன் வீட்டிலிருந்தே "சுடா ஓக்கே கா?", சரியாகிவிட்டதா என்று மலாயில் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு மேரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு நான்காவதை அமுக்கினார்.

நான் போட்ட சத்தம் ஓடி முடிந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மெதுவாக இல்லை என்று தலையசைத்தார். கோபம் எதுவும் இல்லை. கடையில் கேட்ட சாமான் இல்லையென்றால் நாம் தலையசைப்போமே, அப்படி.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். மடிக்கணினியைக் கட்டிலோரம் வைத்துக்கொண்டு, சத்தத்தை உயர்த்தி, தாழ்த்தி, இடைவெளியைக் கூட்டி, குறைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவேன். நீளமா அக்கா, குட்டையா? முதலில் ஏறுமா, இறங்குமா? அவர் தலையசைப்பார், சில சமயம் கையால் இன்னும் இன்னும் என்பார். சில இடம் பொருந்தியது. ஆனால் முழுதாகப் போட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஒன்பது முறை போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் நான் உள்ளே நுழையும்போது அவர் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். கிளம்பும்போது அதை நானே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

ரெஜினா என்னைப் பார்த்துக்கொண்ட விதம் அதைவிடக் கொடுமை. நான் வருகிற நாளில் நண்டு சமைப்பாள். "உங்கள மாதிரி யாரு அங்கிள் இப்பிடி மெனக்கெடுவா? சர்ச்சில உங்களுக்காக வேண்டிக்கறோம்" என்பாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று இன்னொரு பக்கம் நினைப்பேன். அந்த இன்னொரு பக்கம்தான் எப்போதும் ஜெயித்தது. நான் கோழை. இதை எழுதும்போது வேறு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒன்பதாவது முறை, வழக்கம்போல் ஒன்றைப் போட்டேன். மேரி அக்கா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.

"இதானா அக்கா? இதேதானா?"

மறுபடியும் ஆமாம். எழுந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் காரில் சத்தமாகப் பாடினேன், எனக்குப் பாட வராது. தப்பைச் சரிசெய்துவிட்டேன், இனிமேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து, பெட்டியில் மின்சாரம் போனால் ஓடுவதற்கு ஒரு பேட்டரி வைத்துக் கொடுக்கலாம் என்று போனேன். மேரி அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். மணி ஐந்தடிக்கப் போகிறது. பேட்டரியை வைத்துவிட்டு, ஐந்து மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசையாக ரெஜினாவிடம் சொன்னேன். அவள் சமையலறை வாசலில் நின்றபடி தரையைப் பார்த்தாள்.

"அம்மா இப்ப அதை அமுக்கறது இல்ல அங்கிள்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க கண்டுபுடிச்சிட்டு போன அன்னிலேர்ந்து. ஒரு தடவகூட இல்ல."

"அன்னிக்கி அதுதான்னு தலையாட்டினாங்களே?"

"ஒவ்வொரு தடவையும் நீங்க போன பொறவு அம்மா அழும் அங்கிள். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். அன்னிக்கி மட்டும் அழல. நீங்க சிரிச்சிகிட்டே போறத ஜன்னல் வழியா பாத்துகிட்டே இருந்துச்சி. அப்புறம் நான் அந்தச் சத்தத்த போட்டுப் பாத்தேன். அது இல்ல அங்கிள். எனக்கே தெரியும், அது இல்ல."

பேச்சில்லாத ஒரு பெண்மணி, தன்னிடம் மிச்சமிருந்த ஒரே 'ஆமாம்' என்ற பதிலை, நான் அலைந்து கஷ்டப்படக் கூடாது என்று எனக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தச் சமையலறை வாசலிலேயே சொன்னேன். டேப்பை உரித்தது, போன் வந்தது, ட்ரே, விளக்கு, கப்பாசிட்டர், எல்லாவற்றையும். தானாக அழிந்துவிட்டது என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

ரெஜினா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அழிக்கறதுக்கு முன்ன, உள்ள இருந்தத எடுத்து வெச்சிருக்க முடியுமா அங்கிள்?"

"முடியும்மா. கம்ப்யூட்டர்ல படிச்சி வெச்சிருக்கலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்" என்று அவளும் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

உங்களிடம் நான் கேட்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான். குப்பையிலிருந்து வந்தாலும், யார் கொடுத்தாலும், எவன் போனில் கத்தினாலும், எந்தச் சிப்பையும் படித்து எடுத்து வைக்காமல் விளக்குக்குக் கீழே வைக்காதீர்கள். எடுத்து வைத்ததில் நூற்றில் தொண்ணூற்றொன்பது ஏதோ எடை இயந்திரத்தின் கணக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த அம்மா ஒன்பது முறை நம்பி எட்டு முறை அழுதிருக்க வேண்டியதில்லை.

அன்று நான் கூடத்துக்குத் திரும்பியபோது மேரி அக்கா விழித்திருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது, வீடு அவ்வளவு சின்னது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான்தான் அக்கா அழிச்சிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். அவருக்கு என்மேல் கோபம் இருந்ததா, முன்பே தெரியுமா, எனக்குத் தெரியாது. அந்த முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும். பிறகு இடது கையை மெல்ல நகர்த்திப் பெட்டியின் மேல் வைத்தார். அவர் முதல் பொத்தானை அமுக்கினார். இரண்டு குட்டைச் சத்தம்.

ரெஜினா ஈரக்கையோடு டம்ளரில் தண்ணீரும் உறிஞ்சுகுழலும் கொண்டுவந்து அவர் வாயருகே பிடித்தாள். மேரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெஜினா மறுபடி பிடித்தாள். அவர் கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

ரெஜினா அசையாமல் நின்றாள். அழுதிருந்தாள். டம்ளரை என் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நானே எடுத்துக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடிக்கிறேனா என்று மேரி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.